சோங்கிங் போலீஸ் தலைவர் ஏன் ஓடினார்?

டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற சங்கதி இல்லை இது. அவசரப்படாமல் கேளுங்கள். பெயர்கள் வாயில் நுழையத்தான் கொஞ்சம் நேரம் பிடிக்கும், மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

2012 பிப்ரவரி 6ஆம் தேதி மதியம், தென்மேற்குச் சீனாவின் செங்டு நகரத்தில் இருந்த அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குள் ஒருவர் போனார். பெயர் வாங் லிஜுன். அங்கிருந்து 300 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சோங்கிங் மாநகரத்தின் துணை மேயர். நான்கு நாள் முன்புவரை அந்த மாநகரத்தின் போலீஸ் தலைவரும் அவர்தான். ரவுடிக் கூட்டங்களை ஒடுக்கிய சூரன் என்று நாடு முழுக்கப் பெயர் வாங்கியவர். அவர் வாழ்க்கையை வைத்துத் தொலைக்காட்சித் தொடரே எடுத்திருந்தார்கள். அந்த மனிதர் அமெரிக்கர்களிடம் போய், உயிருக்கு ஆபத்து, அடைக்கலம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். வெளியே அவரைத் தேடி போலீஸ் வண்டிகள் வந்து நின்றன. முப்பது மணி நேரத்துக்கு மேல் உள்ளேயே இருந்தார். கடைசியில் பெய்ஜிங்கிலிருந்து வந்த மத்தியப் பாதுகாப்புத் துறை ஆட்களோடு கிளம்பிப் போனார். மறுநாள் சோங்கிங் அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது: வேலைப்பளுவால் உடல்நலம் குன்றிய துணை மேயர் ‘விடுமுறை வகைச் சிகிச்சை’ பெற்று வருகிறார். சீன இணையத்தில் பல வாரம் அந்தச் சிகிச்சைதான் கேலிப்பொருள்.

நான் பேச வந்தது அவரைப் பற்றி இல்லை, அவரை வளர்த்துவிட்ட போ சிலாயைப் பற்றி. சோங்கிங்கின் அன்றைய கட்சிச் செயலாளர். அவர் வீழ்ந்த கதையைச் சொல்கிறவர்கள் விஷம், கொலை, பிரெஞ்சு மாளிகை என்று சீக்கிரமே போய்விடுவார்கள். நானும் அங்கே வருவேன். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வாங் லிஜுனின் அந்த ஓட்டம்தான். ஒரு நகரத்தின் போலீஸையும் வழக்குகளையும் சிறைகளையும் கையில் வைத்திருந்தவர், தனக்கென்று ஒரு ஆபத்து வந்தபோது அந்த ஊரில் ஒரு நீதிபதி வீட்டுக் கதவைக்கூடத் தட்டவில்லை. தட்டினால் என்ன ஆகும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த ஊரில் வேறு யார்?

முதலில் போ சிலாயின் பதவியைப் புரிந்துகொள்ளுங்கள். சீனாவில் மாகாணத்துக்கு ஆளுநர் உண்டு, நகரத்துக்கு மேயர் உண்டு. இருவருமே இரண்டாமிடம்தான். முதலிடம் அந்த ஊர்க் கட்சிக் கமிட்டியின் செயலாளருக்கு. யாருக்கு எந்தப் பதவி, எந்த நிலம் யாருக்கு, பத்திரிகையில் எது வரலாம், எந்த வழக்கு எவ்வளவு தூரம் போகலாம் என்பதெல்லாம் கடைசியில் அவர் மேசைக்கு வரும். சோங்கிங் வேறு சாதாரண நகரமில்லை. 1997இல் சிச்சுவான் மாகாணத்திலிருந்து பிரித்து, பெய்ஜிங், ஷாங்காய், தியான்ஜின் போல மத்திய அரசின் நேரடி ஆளுகைக்குள் கொண்டுவந்தார்கள். பெயர்தான் நகரம், பரப்பு 82,000 சதுர கிலோமீட்டர், ஏறக்குறைய ஆஸ்திரியா நாட்டின் அளவு. யாங்சி ஆற்றங்கரைக் கட்டடங்களும் மலையும் வயலும் குக்கிராமங்களுமாகச் சேர்த்துக் கிட்டத்தட்ட மூன்று கோடிப் பேர். அந்தச் செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்தால் பெரும்பாலும் கட்சியின் பொலிட்பீரோவிலும் இடம் கிடைத்துவிடும்; அன்று அதில் 25 பேர்.

அதற்கும் மேலே இருப்பது பொலிட்பீரோவின் நிலைக்குழு. அப்போது ஒன்பது பேர். நாட்டை ஆள்வது அவர்கள்தான். ஐந்தாண்டுக்கு ஒருமுறை கட்சி மாநாட்டில் அந்தப் பட்டியல் வெளியாகும். 2012 இறுதியில் அடுத்த மாநாடு. போ சிலாய் பிறந்தது 1949 ஜூலை. அதாவது 2012இல் வயது 63. அதற்கடுத்த 2017 மாநாட்டுக்குள் 68 ஆகிவிடும். 67 வரை உள்ளே எடுக்கலாம், 68 ஆனால் ஓய்வு என்பது அந்தக் காலத்தில் எழுதி வைக்காமல் கடைப்பிடித்த வழக்கம். ஆக அவருக்கு மேலே போக ஒரே ஒரு வாய்ப்புதான் மீதம் இருந்தது. சோங்கிங்கில் அவர் காட்டிய வேகத்துக்கு இந்தக் கணக்கைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

பரம்பரை என்று பார்த்தால் குறையே இல்லாதவர். அப்பா போ யிபோ, மக்கள் சீனத்தின் முதல் நிதியமைச்சர். டெங் சியாவோபிங் காலத்தில் திரைக்குப் பின்னாலிருந்து தீர்ப்புச் சொன்ன எட்டு மூத்தவர்களில் ஒருவர். ஆனால் இடையில், தலைவர்கள்மீதே இளைஞர் கூட்டங்களை ஏவிய மாவோவின் கலாச்சாரப் புரட்சி வந்தது. அப்பா சிறைக்குப் போனார். அம்மா ஹு மிங் 1967இல் செங்காவலர்கள் என்ற அந்த இளைஞர்களின் பிடியில் இருக்கும்போதே இறந்தார். பெரிய வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பெய்ஜிங் 4ஆம் எண் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த போ சிலாயும் சுமார் ஐந்து வருடம் அடைபட்டுக் கிடந்தார். வெளியே வந்து இரும்புச் சாமான் பழுதுபார்க்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். மாவோ இறந்து, பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுகள் திரும்ப வந்தபோது பெய்ஜிங் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தார். பிறகு சீனச் சமூக அறிவியல் கழகத்தில் சர்வதேச இதழியலில் முதுகலை. இதழியல் படித்த கட்சிக்காரர் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கேமராவைப் பார்த்து ஒதுங்கும் சகாக்கள் நடுவில் இவர் கேமராவைத் தேடிப் போனவர்.

தலைநகரத்தில் சொகுசாக ஒரு மேசை கிடைத்திருக்கும். ஆனால் 1984இல் வடகிழக்கே லியாவோனிங் மாகாணத்தில், தாலியன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் உள்ள ஜின் கவுண்டிக்குத் துணைச் செயலாளராகப் போனார். கீழே இருந்து மேலே வந்தவர் என்ற பதிவு இல்லாமல் மேல்படி ஏற முடியாது என்று அன்றைய தலைவர் வீட்டுப் பிள்ளைகள் சிலர் புரிந்துவைத்திருந்தார்கள். ஷி ஜின்பிங்கும் அதற்குச் சற்று முன்னால் ஹெபெய் மாகாணத்தில் ஒரு கவுண்டிக்குத்தான் போனார். 1993இல் தாலியன் மேயர். அங்கே சதுக்கங்கள், புல்வெளிகள், ஃபேஷன் திருவிழா, கால்பந்து. பழைய தொழில் நகரம் கடற்கரைச் சுற்றுலா நகரமாக மாறியது. ஊர்க்காரர்களுக்குப் பெருமைதான், அதை மறுக்க வேண்டாம். அதே ஊரில் ஜியாங் வெய்பிங் என்ற பத்திரிகையாளர், அந்தப் பகுதி அதிகாரிகளின் ஊழலைப் பற்றி ஹாங்காங் இதழ் ஒன்றில் எழுதினார். போ சிலாயையும் விட்டுவைக்கவில்லை. 2000 இறுதியில் கைது. அரசு ரகசியத்தை வெளியிட்டார் என்று தண்டனை. ஐந்து வருடம் உள்ளே இருந்துவிட்டு வந்தார். பின்னால் சோங்கிங்கில் நடக்கப்போவதற்கு முன்னோட்டம் இங்கேயே கிடைத்துவிட்டது. அன்று யாரும் கவனிக்கவில்லை.

லியாவோனிங் ஆளுநர், 2004இல் வர்த்தக அமைச்சர். ஐரோப்பிய ஒன்றியத்தோடு ஜவுளி இறக்குமதித் தகராறு வந்தபோது பேச்சுவார்த்தை மேசையில் சீனாவின் முகம் இவர்தான். உயரமும் பேச்சும் நகைச்சுவையும் வெளிநாட்டு நிருபர்களுக்குப் பிடித்துப்போயின. 2007 ஜனவரியில் அப்பா காலமானார். அந்த வருடக் கடைசியில் பொலிட்பீரோவில் இடம் கிடைத்தது, கூடவே சோங்கிங்கும். பதவி உயர்வு மாதிரித் தெரிந்தாலும், பெய்ஜிங்கை விட்டுத் தள்ளிவைக்கிறார்கள் என்றுதான் அன்று பலர் படித்தார்கள். அவருக்கு முன்னால் அங்கிருந்த வாங் யாங், செல்வம் கொழிக்கும் குவாங்டாங்குக்குப் போனார். இருவருமே நிலைக்குழு இடத்துக்குப் போட்டி. முதலில் கேக்கைப் பெரிதாக்க வேண்டும் என்றது குவாங்டாங். இல்லை, முதலில் நியாயமாகப் பங்கு போட வேண்டும் என்றது சோங்கிங். இரண்டு செயலாளர்கள் பகிரங்கமாக இப்படிக் கொள்கைச் சண்டை போடுவது சீனாவில் அபூர்வம்.

இனி சோங்கிங். இங்கே கொஞ்சம் நின்று பேசலாம்.

போ சிலாய் அங்கே செய்ததைச் சுருக்கமாக ‘சிவப்பைப் பாடு, கறுப்பை அடி’ என்பார்கள். சிவப்பு என்றால் புரட்சிப் பாடல்கள். பூங்காவிலும் பள்ளியிலும் அலுவலகத்திலும் கூட்டம் கூட்டமாகப் பாட வைத்தார்கள். கைபேசிக்கு மாவோவின் பொன்மொழிகள் குறுஞ்செய்தியாக வந்தன. 2011 மார்ச்சில் சோங்கிங் செயற்கைக்கோள் தொலைக்காட்சி விளம்பரங்களையே நிறுத்திவிட்டுச் ‘சிவப்பு அலைவரிசை’ ஆனது. அந்த ஜூனில் ஹென்றி கிஸ்ஸிஞ்சரே ஒரு சிவப்புப் பாடல் நிகழ்ச்சிக்கு வந்து உட்கார்ந்திருந்தார். மாவோ காலத்தில் அம்மாவைப் பறிகொடுத்தவர் மாவோ பாட்டைப் பாட வைக்கிறாரே என்று பலரும் வியந்து எழுதினார்கள். எனக்கு அதில் பெரிய வியப்பில்லை. கூட்டம் திரண்டால் எப்பேர்ப்பட்ட அப்பாவும் அமைச்சரும் ஒரே நாளில் ஒன்றுமில்லாமல் போவார்கள் என்பதைப் பதினேழு வயதில் கண்ணால் பார்த்தவர். கூட்டம் தன் பக்கம் இருக்க வேண்டும் என்று அவர் முடிவுகட்டியிருந்தால் அது இயற்கைதான்.

மக்கள் ஆதரவு பாட்டால் மட்டும் வந்ததில்லை. நான்கு கோடி சதுர மீட்டர் அளவுக்கு அரசு வாடகை வீடுகள் கட்டுவதாகத் திட்டம் போட்டு வேலையைத் தொடங்கினார்கள். கிராமத்துக்காரர்களுக்கு நகரக் குடிப்பதிவு கொடுத்தார்கள். அது இருந்தால்தான் நகரத்துப் பள்ளியும் மருத்துவ வசதியும் கைக்கு எட்டும். ஹெச்பி, ஃபாக்ஸ்கான் போன்ற நிறுவனங்களைக் கொண்டுவந்து மடிக்கணினித் தயாரிப்பை வளர்த்தார்கள். 2010இலும் 2011இலும் பொருளாதார வளர்ச்சி 16 சதவீதத்துக்கு மேல் என்று கணக்குக் காட்டியது நகரம். சாலைச் சந்திப்புகளில் இரவும் பகலும் போலீஸ் சாவடிகள். ராத்திரி தைரியமாக நடக்க முடிகிறது என்று சாதாரண மக்கள் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை.

அந்தப் போலீஸைக் கட்டியெழுப்பியவர்தான் வாங் லிஜுன். மங்கோலிய இனத்தவர். லியாவோனிங்கில் பெயரெடுத்தவரை 2008இல் போ சிலாய் சோங்கிங்குக்கு வரவழைத்தார். விசித்திரமான ஆள். போலீஸ் சீருடைகளைத் தானே வடிவமைப்பார், காப்புரிமைகள் வாங்குவார், பிரேதப் பரிசோதனையில் போய் நிற்பார். 2009 கோடையில் ‘கறுப்பை அடி’ ஆரம்பித்தது. ஆயிரக்கணக்கில் கைதுகள். சிக்கியவர்களில் பெரிய தலை வென் சியாங். பல வருடம் அதே நகரத்தின் துணைப் போலீஸ் தலைவராக இருந்து, பிறகு நீதித்துறைப் பணியகத் தலைவரானவர். அவர் பதுக்கிய இரண்டு கோடி யுவானை மீன்குளத்துக்கு அடியிலிருந்து தோண்டியெடுத்ததாகச் செய்திகள் வந்தன. சூதாட்ட விடுதிகள் நடத்திய அவருடைய தம்பி மனைவி ஷியே சாய்பிங்குக்கு 18 வருடம் சிறை. 2010 ஜூலை 7 அன்று வென் சியாங்குக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஊரில் பட்டாசு வெடித்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு வக்கீல் வருகிறார். அவரைக் கவனித்துக் கேளுங்கள், ஏனென்றால் கதையின் சாவி அவரிடம்தான் இருக்கிறது.

லி சுவாங், பெய்ஜிங்கைச் சேர்ந்தவர். ரவுடிக் கூட்டத் தலைவர் என்று குற்றம் சாட்டப்பட்ட கோங் காங்மோ என்பவருக்காக வாதாட சோங்கிங் போனார். விசாரணையில் தன்னைக் கட்டித் தொங்கவிட்டுச் சித்திரவதை செய்தார்கள் என்று கோங் காங்மோ சொல்ல, அதை நீதிமன்றத்தில் எழுப்பத் தயாரானார். 2009 டிசம்பரில் வக்கீலையே கைது செய்தார்கள்; பொய்யாகச் சித்திரவதைக் கதை சொல்லும்படி கோங் காங்மோவைத் தூண்டினார் என்று குற்றச்சாட்டு. அந்தக் கோங் காங்மோவே வக்கீலுக்கு எதிராகச் சாட்சி. முதலில் இரண்டரை வருடத் தண்டனை. மேல்முறையீட்டில் லி சுவாங் திடீரென்று குற்றத்தை ஒப்புக்கொண்டு ஓர் அறிக்கை வாசித்தார், எல்லோருக்கும் அதிர்ச்சி. தண்டனை ஒன்றரை வருடமானது. தீர்ப்பைக் கேட்டதும் மனிதர் நீதிமன்றத்திலேயே கத்தினார்: என் ஒப்புதல் பொய், சிறைக்கு அனுப்பாமல் தண்டனையை நிறுத்திவைப்பதாக ஆசை காட்டி வாங்கியது! பிறகுதான் அந்த அறிக்கையை எடுத்துப் பார்த்தார்கள். வரிகளின் முதல் எழுத்துகளையும் கடைசி எழுத்துகளையும் கோத்துப் படித்தால், கட்டாயத்தால் ஒப்புக்கொண்டேன், வெளியே போனதும் விடாமல் முறையிடுவேன் என்று வருகிறது.

அதோடு விடவில்லை. 2011 வசந்தத்தில் அவர் விடுதலையாகும் சமயத்தில் வேறொரு பழைய வழக்கைத் தோண்டி எடுத்தார்கள். இம்முறை நாடு முழுக்கச் சட்டத் துறையினர் கொதித்தார்கள். பெய்ஜிங் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ஹே வெய்ஃபாங், சோங்கிங்கின் சட்டத் துறைச் சகாக்களுக்குத் திறந்த கடிதம் எழுதினார். போலீஸ், அரசு வழக்கறிஞர், நீதிபதி மூவரும் ஒரே வேலையைச் சேர்ந்து செய்தால் நீதிமன்றம் எதற்கு என்பதுதான் கடிதத்தின் சாரம். புதிய வழக்கைத் திரும்பப் பெற்றார்கள். சோங்கிங் பின்வாங்கியதை மக்கள் பார்த்த சில சமயங்களில் அது ஒன்று.

இதற்கெல்லாம் பெய்ஜிங் என்ன சொன்னது? வெளிப்படையாக யாரும் எதிர்க்கவில்லை. 2010 டிசம்பரில் ஷி ஜின்பிங்கே சோங்கிங் வந்து பாராட்டிவிட்டுப் போனார். ஆனால் மேலிடத்தில் உறுத்தல் இருந்தது. சீனக் கட்சியில் மேல் பதவிக்கு ஆசைப்படலாம், ஆனால் தெருவில் நின்று ஆசைப்படக் கூடாது. பட்டியல் மூத்தவர்களும் சகாக்களும் அறைக்குள் பேசி முடிவு செய்வது. ஊரைத் திரட்டி, பாட்டுப் பாடி, டிவியில் தோன்றி, ‘நானில்லாமல் எப்படி’ என்று கேட்க வைப்பவரை அந்த அறை நம்பாது. 2011இல் அதிபர் ஹூ ஜிந்தாவோவின் தொலைபேசிப் பேச்சு ஒன்றைச் சோங்கிங் ஆட்கள் ஒட்டுக்கேட்டது பிடிபட்டதாக நியூயார்க் டைம்ஸ் மறுவருடம் எழுதியது. அது உண்மையாயின், உறுத்தல் பயமாக மாறியதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

இப்போது கொலைக்கு வருவோம். போ சிலாயின் இரண்டாவது மனைவி கு கைலாய்; ஒரு ராணுவத் தளபதியின் மகள், நாடறிந்த வக்கீல். இவர்கள் மகன் இங்கிலாந்தில் ஹாரோ பள்ளியிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் படித்தார். தாலியன் காலத்திலிருந்தே குடும்பத்துக்குப் பழக்கமானவர் நீல் ஹேவுட் என்ற பிரிட்டிஷ் தொழில் ஆலோசகர். பிரான்சில் கான் நகரத்தில் ஒரு மாளிகை, அது சார்ந்த பணம் என்று அவருக்கும் கு கைலாய்க்கும் தகராறு முற்றியது. மகனுக்கு அவரால் ஆபத்து என்று கு கைலாய் நம்பினார் என்கிறது நீதிமன்றம். 2011 நவம்பர் 13 இரவு, சோங்கிங்கில் ஒரு மலை விடுதியில், போதையில் வாந்தியெடுத்துவிட்டுத் தண்ணீர் கேட்ட ஹேவுட்டின் வாயில் சயனைடு விஷத்தை ஊற்றினார். குடும்ப உதவியாளர் ஒருவர் துணை. இதெல்லாம் தீர்ப்பில் உள்ளது. 15ஆம் தேதி உடலைக் கண்டுபிடித்தார்கள். குடி மிகுந்து இறந்தார் என்று சொல்லி, பிரேதப் பரிசோதனை இல்லாமலே எரித்தார்கள். நான்கு போலீஸ் அதிகாரிகள் தடயங்களை மறைத்தார்கள்.

வாங் லிஜுனுக்குக் கொலை நடந்த மறுநாளே தெரியும். கு கைலாய் அவரிடமே சொல்லிவிட்டார். அவரோ அந்தப் பேச்சை ரகசியமாகப் பதிவு செய்துகொண்டார். எரிப்பதற்கு முன் உடலிலிருந்து எடுத்த இதய ரத்தத்தையும் பத்திரப்படுத்த வைத்தார். விசுவாசியாகவும் இருந்தார், பிணையும் எடுத்து வைத்துக்கொண்டார். 2012 ஜனவரி 28 அன்று போ சிலாயிடம் விஷயத்தைச் சொன்னார். மறுநாள் வாங் லிஜுனின் கன்னத்தில் அறை விழுந்தது. ‘அன்றைய சோங்கிங் கட்சிக் கமிட்டியின் முக்கியப் பொறுப்பாளர்’ அறைந்ததாக ஷின்ஹுவா செய்தி நிறுவனம் பின்னால் எழுதியது. பெயர் போடவில்லை, போடத் தேவையும் இல்லை. பிறகு நீதிமன்றத்தில் இந்த அறை பெரிய விவாதமானது. நான் அறைந்தேன் என்றார் போ சிலாய். அறை இல்லை, குத்து என்றார் வாங் லிஜுன்.

பிப்ரவரி 2இல் போலீஸ் பதவி பறிபோனது. அவருக்கு நெருக்கமான ஆட்களை ஒவ்வொருவராக அழைத்துப்போய் விசாரித்தார்கள். அடுத்தது தான்தான் என்று அவருக்குப் புரியாமல் போகுமா? ஒப்புதல் எப்படி வாங்கப்படும், சாட்சி எப்படித் திரும்பும், வக்கீல் வந்தால் வக்கீலுக்கு என்ன ஆகும் என்ற செய்முறை முழுக்க அவர் கையால் உருவானது. தப்பிக்க வேண்டுமானால் அந்தச் செய்முறை எட்டாத இடத்துக்குப் போக வேண்டும். நாட்டுக்குள் அப்படி ஓர் இடம் அவருக்குத் தோன்றவில்லை. செங்டு அமெரிக்கத் துணைத் தூதரகம்தான் பக்கத்தில் இருந்தது.

அதன் பிறகு எல்லாம் வேகம். மார்ச் 9இல் நாடாளுமன்றக் கூட்டத் தொடரின் இடையே நிருபர்களைச் சந்தித்த போ சிலாய், தப்பான ஆளை நம்பிவிட்டேன் என்றார். தன் குடும்பத்தின் மீது சேற்றை வாரி இறைக்கிறார்கள் என்று சீறினார். 14ஆம் தேதி பிரதமர் வென் ஜியாபாவோ, சோங்கிங் கமிட்டி தன்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று டிவி நேரலையில் சொன்னார். கலாச்சாரப் புரட்சி போன்ற சோகம் திரும்பவும் நேரலாம் என்றும் அதே மூச்சில் எச்சரித்தார். மறுநாள் போ சிலாய் பதவியில் இல்லை. ஏப்ரல் 10இல் பொலிட்பீரோவிலிருந்து இடைநீக்கம். கட்சியிலிருந்து முழு நீக்கம் செப்டம்பர் 28இல்.

ஒரு மாகாணத் தலைவரை இறக்குவதற்கு அங்கே அன்று ஒரு வரிசை இருந்தது. முதலில் வருவது போலீஸ் இல்லை, கட்சியின் ஒழுங்குக் கண்காணிப்புக் கமிஷன். குறித்த இடத்தில், குறித்த நேரத்தில் வந்து விளக்கம் கொடு என்று அழைத்துப்போவார்கள். அப்போதெல்லாம் வக்கீல் கிடையாது, குடும்பத்துக்குத் தகவல் கிடையாது. அங்கே எழுதி வாங்கியதை வைத்துக்கொண்டு கட்சி நீக்கும். அதற்கப்புறம்தான் அரசு வழக்கறிஞர், நீதிமன்றம். வழக்கும் பெரும்பாலும் சொந்த ஊரில் நடக்காது. பெய்ஜிங் செயலாளர் சென் சிதோங் 1995இலும், ஷாங்காய் செயலாளர் சென் லியாங்யூ 2006இலும் இந்த வரிசையில்தான் இறங்கினார்கள். ஷாங்காய்க்காரரின் வழக்கு தியான்ஜினில் நடந்தது. கு கைலாய்க்கு ஹெஃபெய், வாங் லிஜுனுக்குச் செங்டு, போ சிலாய்க்கு ஷான்டோங் மாகாணத்தின் ஜினான். கு கைலாய் வழக்கு ஒரே நாளில் முடிந்தது. நிறுத்திவைக்கப்பட்ட மரண தண்டனை, பிறகு அது ஆயுளாகக் குறைந்தது. வாங் லிஜுனுக்கு 15 வருடம்.

2013 ஆகஸ்ட் 22 முதல் 26 வரை ஜினானில் நடந்ததுதான் யாரும் எதிர்பாராதது. நீதிமன்றம் வாக்குமூலங்களைத் தன் வெய்போ சமூக ஊடகப் பக்கத்தில் அவ்வப்போது வெளியிட்டுக்கொண்டே இருந்தது. முழுவதும் வெளியிடவில்லைதான், ஆனாலும் வந்தவரை நாடே படித்தது. போ சிலாய் தலையைக் குனிந்து ஒப்புக்கொள்வார் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். மனைவியின் சாட்சியத்தைப் பைத்தியக்காரப் பேச்சு என்றார். லஞ்சம் கொடுத்ததாகச் சாட்சி சொன்ன தாலியன் தொழிலதிபர் சூ மிங்கைக் குறுக்கு விசாரணை செய்து, இது எனக்குத் தெரியுமா, அது எனக்குத் தெரியுமா என்று வரிசையாகக் கேட்டு இல்லை, இல்லை என்று சொல்ல வைத்தார். தன் பழைய கள்ள உறவைத் தானே ஒப்புக்கொண்டார். கடைசி நாளில், வாங் லிஜுனுக்குத் தன் மனைவிமேல் காதல் என்றும் ஒரு குண்டைப் போட்டார்.

இவற்றில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஒன்றுதான். கமிஷன் விசாரணையில் லஞ்சத்தை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தது உண்மை, ஆனால் மனமொப்பி எழுதவில்லை, நெருக்கடியில் எழுதியது என்றார் போ சிலாய். அதை ஏற்காதீர்கள் என்று நீதிபதியிடம் வாதாடினார். லி சுவாங் சோங்கிங் நீதிமன்றத்தில் கத்திச் சொன்னதும் இதைத்தானே? வக்கீலுக்குக் கிடைக்காதது செயலாளருக்கும் கிடைக்கவில்லை.

செப்டம்பர் 22இல் தீர்ப்பு. லஞ்சம் 2 கோடியே 4 லட்சம் யுவான், அதற்கு ஆயுள். தாலியன் நகர அரசின் பணம் 50 லட்சம் யுவானைக் கையாடியதற்கு 15 வருடம். அதிகார துஷ்பிரயோகத்துக்கு 7 வருடம். மேல்முறையீட்டை அக்டோபரில் தள்ளினார்கள். லஞ்சத்தில் பெரும்பங்கு அந்த கான் மாளிகையின் விலை.

குற்றப்பத்திரிகையை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். லஞ்சமும் கையாடலும் பெரும்பாலும் தாலியனில் வேர் விட்டவை. அதிகார துஷ்பிரயோகம் என்பது மனைவி செய்த கொலையை மூடிமறைத்ததும் வாங் லிஜுனை நீக்கியதும். சித்திரவதை பற்றி ஒரு வரி இல்லை. சிறைக்குப் போன வக்கீல் இல்லை. ‘கறுப்பை அடி’யில் சொத்தையும் சுதந்திரத்தையும் இழந்தவர்கள் இல்லை. தாலியன் பத்திரிகையாளரும் இல்லை. கட்சிக்கு அவர் செய்த துரோகத்துக்குக் கணக்குத் தீர்த்தார்கள். ஊருக்குச் செய்ததை யாரும் கணக்கெடுக்கவில்லை. எடுத்தால், அன்று பாராட்டிவிட்டுப் போனவர்களையும் கேட்க வேண்டியிருக்கும். லி சுவாங் தன் தண்டனையை நீக்கச் சொல்லி மனு மேல் மனு போட்டார்.

சோங்கிங் நாற்காலிக்கு 2012 இறுதியில் சுன் செங்சாய் வந்தார். வயது 49, நாளைய தலைவர் என்று பேசப்பட்டவர். 2017இல் அவரும் விசாரணைக்குள் போனார். 17 கோடி யுவான் லஞ்சம், ஆயுள் தண்டனை. போ சிலாயின் தொகை அதற்குமுன் சில்லறை. ‘போ சிலாய், வாங் லிஜுன் விட்டுச்சென்ற நஞ்சைக் களைவோம்’ என்று சோங்கிங் கட்சிக் கூட்டங்களில் ஒரு வாசகம் வாசிப்பது வழக்கமாயிற்று. சுன் செங்சாய் விழுந்த பிறகு அவர் பெயரும் அதில் ஏறியது. 2020இல் நகரத்தின் போலீஸ் தலைவர் டெங் ஹுய்லின் கைதானார். வாசகத்தில் அவரையும் சேர்த்துக்கொண்டார்கள்.